‘பால் பத்தலை’ என்று சொல்லும் முன் ஈரத்துணியை எண்ணுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஆகஸ்ட் முதல் வாரம் உலகத் தாய்ப்பால் வாரம். அந்த ஏழு நாளும் மாவட்டப் பக்கத்தில் பேரணிப் படம், உறுதிமொழிப் படம், பதாகை பிடித்த மாணவிகள் படம் என்று வந்துகொண்டே இருக்கும். குறையாகச் சொல்லவில்லை. ஆனால் தாய்ப்பால் நல்லது என்று தெரியாத தாயை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும். பால்பவுடர் டப்பாவிலேயே அதைப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்று 1992-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பிரசவ வார்டில் தாய்மார்கள் கேட்பது வேறு. “சிஸ்டர், பாலே ஊறலையே?” “காம்பு வெடிச்சு ரத்தம் வருது, என்ன செய்ய?” “ராத்திரி பூரா அழுறான், கொஞ்சம் பவுடர் கரைச்சுக் கொடுத்துரவா?” கொடு, கொடு என்று சொல்ல ஊரே இருக்கிறது. எப்படிக் கொடுப்பது என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்ட ஆள் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். நீளத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 55 பேர்தான் தாய்ப்பால் மட்டும் குடிக்கிறார்கள். மீதிப் பேரின் தாய்மார்களுக்கு மனம் இல்லையா? இருக்கிறது. சிக்கல் நாள்கணக்கில் இருக்கிறது. சுகப்பிரசவம் ஆனவர்கள் இரண்டு மூன்று நாளில் வீடு திரும்பிவிடுகிறார்கள். சீம்பால் மாறிப் பால் நிறையத் தொடங்குவது இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் நடுவில். மார்பு கனத்து, காம்பு புண்ணாகி, பிள்ளை விடிய விடிய அழும் அந்தச் சமயத்தில் தாய் வீட்டில் இருப்பாள். கேட்பதற்கு மாமியார் இருப்பார், பக்கத்து வீட்டு அக்கா இருப்பார், தெருமுனையில் மெடிக்கல் ஷாப் இருக்கும்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறோம். பிறந்த அன்று குழந்தைக்கு ஒரு வேளைக்குக் கிடைக்கும் சீம்பால் 2 முதல் 10 மில்லி. டீஸ்பூன் ஒன்று 5 மில்லி. இரண்டாம் நாள் 5 முதல் 15 மில்லி, மூன்றாம் நாள் 15 முதல் 30, நான்காம் நாள் 30 முதல் 60. ஆக, முதல் நாள் பீய்ச்சிப் பார்த்துவிட்டு “நாலு சொட்டுதான் வருது” என்று கலங்க ஒன்றுமில்லை. அந்த நாலு சொட்டைத்தான் அன்றைக்குக் குழந்தையின் வயிறும் எதிர்பார்க்கிறது. அதே நாளில் 40, 50 மில்லி பவுடர் பாலை ஊற்றினால் என்ன ஆகும்? வயிறு முட்டிக் குழந்தை நான்கைந்து மணி நேரம் அசையாமல் தூங்கும். வீட்டில் “பார்த்தியா, பசியிலதான் அழுதிருக்கு” என்பார்கள். அந்த நான்கைந்து மணி நேரமும் மார்பை யாரும் சப்பவில்லை. சப்பாத மார்புக்குச் சுரக்கச் சொல்லிச் செய்தி போகாது. மறுநாள் உண்மையாகவே பால் பிந்தும். ‘பால் பத்தலை’ என்ற பேச்சு பெரும்பாலும் இப்படித்தான், பவுடர் கொடுத்த பிறகு நிஜமாகிறது.

சேனைத் தண்ணி, சர்க்கரைத் தண்ணீர், தேன் எதுவும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு வகை நுண்ணுயிரி வித்து, ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் குடலில் முளைத்து நரம்பை முடக்கும் நஞ்சை உண்டாக்கலாம். சேனை வைத்தால் வைத்தவரின் குணம் வரும் என்று நம்புகிற தாத்தா கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, தாயின் சீம்பாலையே தொட்டுக் குழந்தையின் உதட்டில் வைக்கட்டும். எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.

அடுத்து, பிடிமானம். காம்பு வெடிப்பு, பால் கட்டுதல், எடை ஏறாமை என்று எங்களிடம் வருகிற பாதிச் சிக்கலுக்கு வேர் இங்கேதான். குழந்தை காம்பைச் சப்பினால் பால் வராது. காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதி வாய்க்குள் போக வேண்டும். அப்போதுதான் காம்பு, உள்ளண்ணத்தின் மெத்தென்ற பின்பகுதியைத் தொடும். பாதியில் நின்றால் காம்பு கெட்டியான அண்ணத்துக்கும் நாக்குக்கும் நடுவில் மாட்டி நசுங்கும். வலி அதனால்தான்.

முதுகுக்குத் தலையணை வைத்து, கால் தரையில் பதிய உட்காருங்கள். கட்டிலில் கால் தொங்கினால் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். குழந்தையின் காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் இருக்கட்டும். வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும். மல்லாக்கப் படுத்துக்கொண்டு தலையை மட்டும் திருப்பி உங்களால் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க முடியுமா? அதற்கும் முடியாது. குழந்தையின் மூக்கு உங்கள் காம்புக்கு நேராக வரட்டும். காம்பால் மேலுதட்டை வருடுங்கள். உடனே திணிக்காதீர்கள். கொட்டாவி விடுவதுபோல் வாய் அகலமாகத் திறக்கும் வரை காத்திருங்கள், சில சமயம் ஒரு நிமிடம்கூட ஆகும். திறந்ததும் குழந்தையை மார்புக்குக் கொண்டுவாருங்கள். மார்பைக் குழந்தையிடம் குனிந்து கொடுத்தால் பிடி நழுவுவதோடு உங்கள் முதுகும் போய்விடும். முகவாய் முதலில் மார்பில் புதைய வேண்டும். கீழுதடு வெளிப்பக்கம் மடங்கி இருக்க வேண்டும். வாய்க்கு மேலே தெரியும் கருவட்டம், கீழே தெரிவதைவிட அதிகமாக இருக்க வேண்டும். கன்னம் உப்பலாக இருந்தால் சரி. குழி விழுந்து ‘ச்சுக் ச்சுக்’ என்று சத்தம் வந்தால் பிடி சரியில்லை.

பக்கத்தில் இருப்பவர்கள் உதவுவதாக நினைத்துக் குழந்தையின் பின்தலையை அழுத்துவார்கள். தயவுசெய்து வேண்டாம். தலையை அழுத்தினால் குழந்தை திமிறிப் பின்னால் வளையும், “பால் வேண்டாம்ங்குது” என்று அதற்கும் ஒரு பழி விழும். மூக்கு அடைக்குமோ என்று மார்பை விரலால் அழுத்திப் பள்ளம் போடுவதும் தப்பு, அது பிடியை இழுத்துவிடும். குழந்தையின் பிட்டத்தை உங்கள் பக்கம் இன்னும் நெருக்கினால் தலை தானாகப் பின்னால் சாய்ந்து மூக்கு விடுபடும்.

முதல் பத்து இருபது வினாடி சுருக்கென்று இருந்தால் பரவாயில்லை. அதற்குப் பிறகும் வலித்தால் பொறுத்துக்கொள்ளாதீர்கள். அப்படியே இழுத்தால் புண்தான். சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்து ஈறுகளுக்கு நடுவில் வைத்தால் பிடி விடும். மறுபடி வையுங்கள். நாலு தடவை ஆனாலும் சரி. குடித்து முடித்ததும் காம்பைப் பாருங்கள். உருண்டையாக இருந்தால் நல்லது. புது லிப்ஸ்டிக் முனைபோல் ஒரு பக்கம் சரிந்து தட்டையாக இருந்தால் நசுங்கியிருக்கிறது என்று அர்த்தம். வெடிப்புக்குக் கடைசியாக வரும் பாலில் இரண்டு சொட்டைத் தடவிக் காற்றில் உலரவிட்டாலே போதும். காம்புக்குச் சோப்புப் போடாதீர்கள், வெடிப்பு கூடும்.

சிசேரியன் ஆனவர்களுக்கு ஒரு வார்த்தை. அதே 2019-21 கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் நூற்றுக்கு 45 பிரசவம் அப்படித்தான். முதுகில் போட்ட மயக்க ஊசி பாலைக் கெடுக்காது. உட்கார முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு கொடுக்கலாம். இரண்டாம் நாள் முதல் குழந்தையை அக்குளுக்குக் கீழே, கால் உங்கள் முதுகுப் பக்கம் போகும்படி தலையணைமேல் வைத்துக் கொடுத்தால் தையலில் பாரம் விழாது.

காம்பு உள்வாங்கியிருக்கிறது என்பதற்காகப் பவுடருக்குப் போனவர்கள் நிறைய. குறைந்த செலவில் ஒரு வழி இருக்கிறது. புதிய 20 மில்லி சிரிஞ்சு ஒன்று வாங்குங்கள், ஊசி வேண்டாம். ஊசி மாட்டும் முனையைப் புது பிளேடால் முழுவதுமாக வெட்டி எடுங்கள். உள்ளே இருக்கும் தண்டை உருவி, வெட்டிய பக்கத்தின் வழியாகத் திருப்பிச் செருகுங்கள். இப்போது விரல் வைக்கும் விளிம்புள்ள வழவழப்பான பக்கம் திறந்திருக்கும். அதைக் காம்பைச் சுற்றி வைத்துத் தண்டை மெதுவாக இழுத்தால் காம்பு உள்ளே எழும்பி வரும். அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை அப்படியே பிடித்து, தண்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக் காற்றை விட்ட பிறகு எடுங்கள். தள்ளாமல் பிடுங்கினால் வலிக்கும். வெட்டிய பக்கம் தோலில் படவே கூடாது, அது கீறும். ஒவ்வொரு முறை பால் கொடுப்பதற்கு முன்பும் செய்துவிட்டு உடனே குழந்தையைப் பிடிக்க வையுங்கள். சில நாளில் குழந்தையே அந்த வேலையை எடுத்துக்கொள்ளும்.

இனி தலைப்பில் சொன்ன விஷயம். பால் போதுமா என்பதை அழுகையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. குழந்தை சூட்டுக்கும் அழும், ஈரத்துக்கும் அழும், தூக்கிக்கொள்ளவும் அழும். உள்ளே போனது வெளியே வந்தாக வேண்டும், அதை எண்ணுங்கள். முதல் நாள் சிறுநீரில் நனைந்த ஈரத்துணி குறைந்தது ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று. ஐந்தாம் நாளிலிருந்து 24 மணி நேரத்தில் ஆறோ அதற்கு மேலோ, நிறம் வெளிறி இருக்க வேண்டும். மலம் முதல் இரண்டு நாள் தார்போல் கறுப்பாக இருக்கும், பிறகு பச்சை கலந்து, ஐந்தாம் நாளுக்குள் கடுகு கரைத்தது போன்ற மஞ்சளாகிவிட வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் துணியில் செங்கல்பொடி நிறத்தில் கறை தெரியலாம், பயமில்லை. நான்காம் நாளுக்குப் பிறகும் அந்தக் கறை வந்தால் பால் போதவில்லை என்று அர்த்தம், அன்றே குழந்தையைக் காட்டுங்கள். டயப்பர் போட்டால் இந்தக் கணக்கு கெட்டுவிடும், எத்தனை தடவை போனது என்றே தெரியாது. முதல் இரண்டு வாரம் பழைய பருத்தி வேட்டித் துணிதான் சரி. டயப்பர்தான் வழி என்றால், காய்ந்த டயப்பர் ஒன்றில் மூன்று மேசைக்கரண்டித் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பாருங்கள். ஒரு ஈரத்தின் கனம் கைக்குப் பழகிவிடும்.

இன்னொன்று எடை. பிறந்த எடையிலிருந்து முதல் சில நாளில் கொஞ்சம் குறைவது இயல்பு. 3 கிலோ குழந்தை 2 கிலோ 790 கிராமுக்கு வந்தால் அது 7 சதவீதம், கவலை இல்லை. 2 கிலோ 700-ஐத் தொட்டால் 10 சதவீதம், பால் கொடுக்கும்போது ஒருவர் கூட இருந்து பார்த்தே ஆகவேண்டும். 10 முதல் 14 நாளுக்குள் பிறந்த எடை திரும்பிவிட வேண்டும். அதன்பின் முதல் மூன்று மாதம் நாளுக்குச் சராசரி 25, 30 கிராம் ஏறும். ஒரே தராசில், துணி இல்லாமல் எடை போடுங்கள். ஒரு வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அடுத்த வாரம் தனியார் கிளினிக்கிலும் போட்டுவிட்டு “நூறு கிராம் குறைஞ்சிருச்சு” என்று வருவோர் நிறைய. குறைந்தது தராசாக இருக்கலாம்.

இந்த இரண்டும் சரியாக இருந்தால் மற்றவை சாட்சி ஆகாது. ஆறு வாரத்துக்குப் பிறகு மார்பு தொளதொளவென்று இருப்பது, சுரப்பு தேவைக்கு ஏற்றபடி நிலைப்பட்டதன் அடையாளம். பம்பில் 20 மில்லிதான் வருகிறது என்றால் பம்பைப் பற்றித்தான் அது சொல்கிறது. குழந்தை பம்பைவிட நன்றாக உறிஞ்சும். தாய்ப்பால் குடித்த பின்னும் பாட்டிலைக் குடிக்கிறதே என்பார்கள். வாயில் எதை வைத்தாலும் சப்புவது பச்சைக் குழந்தையின் அனிச்சை. சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து பத்து மணி வரை சில குழந்தைகள் மார்பை விட்டு இறங்கவே மாட்டார்கள். அந்த நேரத்தில்தான் பவுடர் வீட்டுக்குள் நுழைகிறது. ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை குடிப்பது சாதாரணம், அதில் சில முறை அரை மணிக்கு ஒன்றாக நெருங்கி வரும். ராத்திரிப் பாலைத் தவிர்க்காதீர்கள். சுரப்பைத் தூண்டும் புரொலாக்டின் என்ற ஹார்மோன் இரவில்தான் அதிகம்.

உண்மையிலேயே பால் குறைவாக இருப்பவர்களும் உண்டு. பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு, கருப்பையில் தங்கிவிட்ட நஞ்சுக்கொடித் துண்டு, தைராய்டு குறைபாடு, மார்பில் முன்பு செய்த அறுவை ஆகியவற்றால் வரலாம். அவர்களிடம் “மனசு வைம்மா, வரும்” என்று சொல்வது கொடுமை. மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் பவுடர் பால் ஒன்றும் பாவம் இல்லை. முதலில் பீய்ச்சிய சொந்தப் பால், அடுத்து தாய்ப்பால் வங்கிப் பால், அதற்கடுத்து பவுடர் என்பது வரிசை. எதுவானாலும் பாட்டில் வேண்டாம், பாலாடையில் கொடுங்கள். நம் பாட்டி வைத்திருந்த அதே சங்குதான், இன்று பச்சிளங்குழந்தைப் பிரிவிலும் பயன்படுகிறது. குழந்தையை முக்கால்வாசி நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்குப் பகுதியைக் கீழுதட்டின் ஓரத்தில் வைத்துச் சிறிது சாயுங்கள். விழுங்கிய பிறகு அடுத்த சொட்டு. மடியில் மல்லாக்கப் போட்டு மூக்கைப் பிடித்து ஊற்றும் பழைய பழக்கத்தால் பால் நுரையீரலுக்குப் போகும். பாலாடையை ஒவ்வொரு முறையும் கழுவி, பத்து நிமிடம் கொதிநீரில் போட்டு எடுங்கள்.

பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிவிட்டால் கருவட்டம் விறைத்துக் குழந்தையால் பிடிக்க முடியாது. விரல் நுனிகளைக் காம்பின் அடியைச் சுற்றி வைத்து உட்பக்கமாக ஒரு நிமிடம் மெல்ல அழுத்துங்கள். வீக்கம் பின்னால் தள்ளப்பட்டு அந்த இடம் இளகும், உடனே குழந்தையை வையுங்கள். கொடுத்து முடித்ததும் குளிர்ந்த ஈரத்துணி. கட்டியை அழுத்திப் ‘பிடித்துவிட’ ஆள் தேடாதீர்கள், உள்ளே திசு நைந்து வீக்கம் கூடும். மல்லிகைச் சரத்தை மார்பில் வைத்துக் கட்டுவது பாலை வற்ற வைக்கும் பழைய வைத்தியம். கட்டு வலிக்கு அதைச் செய்துவிட்டு, பத்து நாள் கழித்துப் பால் வற்றிவிட்டது என்று வந்தால் யாரை நோவது? ஒரு பக்கம் சிவந்து, காய்ச்சலும் குளிரும் வந்தால் மார்பு அழற்சி. அப்போதும் அந்தப் பக்கம் கொடுக்கலாம், நிறுத்தினால்தான் மோசமாகும். 24 மணி நேரத்தில் தணியாவிட்டால் மருத்துவரிடம் போங்கள், சீழ் கட்டும் வரை காத்திருக்காதீர்கள்.

சாப்பாடு பற்றி ஒரு பத்தி போதும். தாய்ப்பால் மட்டும் கொடுக்கும் ஆறு மாதமும் தாய்க்கு நாளொன்றுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும். பத்தியம் என்று ரசஞ்சோறும் பூண்டும் மட்டும் போட்டு, தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்று தடுக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள். பால்சுறாப் புட்டும் முருங்கைக்கீரையும் நல்ல உணவு, தாராளமாகக் கொடுங்கள். ஆனால் பால் சுரப்பது மார்பு காலியாவதைப் பொறுத்தது. தாய் ஆரஞ்சு சாப்பிட்டால் பிள்ளைக்குச் சளி பிடிக்காது. தாய்க்கே சளி என்றாலும் முகத்தை மூடிக்கொண்டு கொடுக்கலாம். சித்திரை வெயிலிலும் ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தண்ணீர் வேண்டாம், பாலில் 88 சதவீதம் தண்ணீர்தான். உரைமருந்து, கிரைப் வாட்டர், தெருவில் வரும் கழுதைப்பால் எதுவும் வேண்டாம். தாய்ப்பாலில் போதாத ஒன்று வைட்டமின் டி. தினம் 400 அலகு சொட்டு மருந்தாக, மருத்துவர் சொல்லும் அளவில்.

வேலைக்குத் திரும்புகிறவர்கள். 2017 திருத்தத்துக்குப் பின் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்துடன் விடுப்பு. திரும்பிய பிறகு குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை சட்டப்படி உண்டு. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணுக்கு இது தெரியாது, தெரிந்தாலும் கேட்க முடியாது. பேருந்து நிலையங்களில் 2015-இல் திறந்த பாலூட்டும் அறைகளில் சில இன்று துடைப்பம் வைக்கும் இடம்.

பீய்ச்சுவதற்குக் கட்டைவிரல் காம்புக்கு மேலே, ஆள்காட்டிவிரல் கீழே, காம்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். முதலில் நெஞ்செலும்புப் பக்கம் தள்ளி, பிறகு விரல்களைச் சேர்த்து அழுத்தி, விடுங்கள். தோலில் வழுக்கித் தேய்க்கக் கூடாது. மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றி, மொத்தம் இருபது முப்பது நிமிடம். மூடியுள்ள எவர்சில்வர் கிண்ணம் போதும். 25 டிகிரி வரை உள்ள அறையில் 4 மணி நேரம் இருக்கும். நம் ஊர் மே மாதம் அந்தக் கணக்கில் வராது, உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள், கதவில் வேண்டாம், உள்ளே ஆழத்தில். நான்கு நாள் தாங்கும் என்பார்கள். கரண்ட் போய்ப் போய் வரும் வீட்டில் 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. மேலே ஆடை பிரிந்து நின்றால் கெட்டுப்போனதில்லை, மெதுவாகச் சுழற்றுங்கள். சூடாக்க அடுப்பும் வேண்டாம், மைக்ரோவேவும் வேண்டாம், வெந்நீர்ப் பாத்திரத்தில் கிண்ணத்தை வைத்தால் போதும்.

தொடர்ந்து இரண்டு வேளை பால் மறுத்தாலும், தட்டி எழுப்பியும் சோர்ந்தே கிடந்தாலும், தோலின் மஞ்சள் நிறம் உள்ளங்கை, உள்ளங்கால் வரை இறங்கினாலும், பச்சையாக வாந்தி எடுத்தாலும், உடம்பு கொதித்தாலும் சில்லிட்டாலும் பகல் இரவு பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். சந்தேகம் கேட்க மட்டும் என்றால் 104-ஐ அழைக்கலாம்.

ஆசிரியருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆகஸ்டில் பேரணிப் படத்துக்கு ஒதுக்கும் இடத்தில், ஏழு நாளும் அந்த ஈரத்துணிக் கணக்கையும், குழந்தையின் வாயில் மார்பு சரியாகப் பொருந்தியதற்கும் பொருந்தாததற்கும் ஒரு கோட்டோவியத்தையும் அச்சிடுங்கள். கத்தரித்துச் சமையலறைச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் அளவில் இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
மகப்பேறு மற்றும் பச்சிளங்குழந்தைப் பிரிவுச் செவிலியர்கள் சிலர்,
மதுரை மாவட்டம்.